பொழுதை முந்த ஒரு டர்போ

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிக்கப் வண்டி விஷயத்தில் நான் செய்த தப்புகளில் பாதி கோபத்தில் செய்தவை, பாதி அவசரத்தில் செய்தவை. யோசித்துச் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அது கடைசியில் வருகிறது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற ரோட்டில், பாதி வழிக்கு மேல் வந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். நாங்கள் நயினார் குடும்பம். சமணர் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், இந்தப் பக்கத்தில் நயினார் வீடு என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். கறி மீன் தொடமாட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டோம் என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. இப்போது பலர் விட்டுவிட்டார்கள். சென்னையில் இருக்கும் என் மகன் ராத்திரி பத்து மணிக்கு மேல் எதையெதையோ வரவழைத்துச் சாப்பிடுகிறான், நானும் கேட்பதில்லை. நானே வியாபாரத்துக்கு அலைகிற வயதில் பல நாள் மீறியிருக்கிறேன். என் மனைவி மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. பதினைந்து வயதில் மனதுக்குள் எடுத்துக்கொண்ட விரதம். காய்ச்சலிலும் சரி, பிரசவத்திலும் சரி, இருட்டிய பிறகு அவள் வாயில் ஒரு பருக்கை போனதில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் வராமல் அவள் மாலைச் சாப்பாட்டில் கைவைக்கமாட்டாள். இது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை, அவளாக வைத்துக்கொண்டது. காலையில் அவள் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மத்தியானம் எங்கேயோ இருப்பேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்வது அந்த ஒரு வேளைதான் என்பாள். உட்கார்ந்து நாங்கள் ஒன்றும் பெரிதாகப் பேசிக்கொள்வதும் கிடையாது. நான் ஊர்க்காரர்களைத் திட்டுவேன், அவள் சட்னியை நகர்த்தி வைப்பாள்.

எனக்கு மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மேல்மலையனூர்ப் பக்கம், அனந்தபுரம் பக்கம் என்று களம் களமாகப் போய் வாங்கி, திண்டிவனத்தில் எண்ணெய் ஆட்டுகிற ஆலையில் போட்டுவிட்டு, திரும்பும்போது மாட்டுக்குப் புண்ணாக்கு மூட்டை ஏற்றி வருவேன். என் பிக்கப் பழைய டீசல் வண்டி. உழைப்பாளி, ஆனால் சோம்பேறி நடை. வெறும் வண்டியாக இருந்தால் ஓடும். முப்பது மூட்டை ஏற்றிவிட்டால் மேட்டைப் பார்த்ததும் மூச்சு வாங்கும். செஞ்சி ரோட்டில் ஒரு இடத்தில் ரோடே ஏரிக்கரைமேல் ஏறிப் போகும். அந்த ஏற்றத்தில் டிராக்டர்கூட என்னைத் தாண்டிப் போகும். டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தால் எனக்கு அன்றைக்கு முழுக்கப் பேஜாரு.

நாலு வருஷத்துக்கு முன் என் மனைவிக்குச் சுகர் என்றார்கள். முதலில் மாத்திரை, பிறகு ஊசி. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் தானே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் சுகர் ஒரேயடியாக இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஏற்பாடு என்ன, அவள் செய்தாள், நான் தலையாட்டினேன். திண்டிவனத்தில் வண்டியை எடுக்கும்போது நான் போன் பண்ணுவேன். அதிலிருந்து கால் மணி கழித்து அவள் ஊசி போடுவாள். நான் வாசலில் இறங்கும்போது தட்டு வைத்திருப்பாள். பொழுதும் இருக்கும், நானும் இருப்பேன், ஊசியும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும்.

ஒரு கார்த்திகை மாதம் இந்தக் கணக்கு தப்பியது. போன் பண்ணிவிட்டுக் கிளம்பினேன். எனக்கு முன்னால் கரும்பு லாரி, தாண்ட வண்டியில் வேகம் இல்லை. ஏரிக்கரை ஏற்றத்தில் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டு போட்டபடி இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், சொல் குழறியது. சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போய் உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். நினைவு பாதி போன நிலையிலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் கத்தினேன், அழுதேன், தாடையைப் பிடித்து இழுத்தேன். அப்படியே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு செஞ்சிக்கு ஓட்டினேன். ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, வாயில் ஒன்றும் போடவில்லையே என்பதுதான்.

திரும்பி வரும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்காகக் காத்திருக்காதே, ஐந்து மணிக்கே சாப்பிட்டுத் தொலை என்றேன். சரி சரி என்றாள். மறுநாளும் தட்டு இரண்டாகத்தான் இருந்தது. அவளை மாற்ற முடியாது என்று தெரிந்துபோயிற்று. மாற்றக்கூடியது வண்டி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

திண்டிவனம் பைபாஸ் பக்கம் எனக்கு இருபது வருஷப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். கையில் பணம் சேர அடுத்த ஆவணி ஆகிவிட்டது. இழுவை போதவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, டர்போ போடலாம் என்றார். அடிபட்டு உடைப்புக்கு வந்த வேறொரு வண்டியின் டர்போ அவரிடம் இருந்தது. கையில் எடுத்துக் காட்டினார். பார்க்க ஒரு பெரிய நத்தை ஓடு. ஒரு தண்டு, அதன் இரண்டு முனையிலும் இரண்டு சின்னக் காற்றாடி. இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு காற்றாடியைச் சுற்றும், அது சுற்றுவதால் மற்றது சுற்றிக் காற்றை இன்ஜினுக்குள் அடித்துத் திணிக்கும். காற்று அதிகம் போனால் டீசல் அதிகம் எரியும், இழுவை வரும். வீணாகப் போகிற புகையே வேலை செய்கிறது என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆர்.சி. புத்தகத்தில் இல்லாததை மாட்டினால் பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்பார் என்று பாய் எச்சரித்தார். கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இரண்டு நாள் வண்டியை விட்டேன். வாங்கப் போகும்போது என்னோடு மூட்டை ஏற்றி இறக்குகிற ஆளும் வந்திருந்தார். என் வயதுதான், எங்கள் ஊர்க் காலனிக்காரர், பதினெட்டு வருஷமாக என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறவர். இரண்டு பேரையும் நிற்கவைத்து பாய் பாடம் எடுத்தார்.

"நயினாரே, ஓடியாந்து நின்ன உடனே சாவியைத் திருப்பிடாதீங்க. ரெண்டு நிமிஷம் சும்மா ஓட வுடுங்க. உள்ள அந்தத் தண்டு எண்ணெய்லதான் மெதந்துக்கினு சுத்துது. இன்ஜினை அணைச்சா எண்ணெய் நின்னுரும், தண்டு நிக்காது. அந்தச் சூட்டுல எண்ணெய் கருகிக் கரியாப் புடிச்சிக்கும். அப்புறம் சீல் போச்சுன்னா இன்ஜின் தன் எண்ணெயையே குடிச்சிக்கினு ஓடும். சாவிக்கு அடங்காது. காத்து போற வாயை அடைச்சாத்தான் சாவும்."

நான் சரி என்றேன். மூட்டைக்காரர் மட்டும் காற்று போகிற வாய் எது என்று கேட்டு, பானட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டார்.

முதல் இரண்டு மாதம் எனக்கு இளமை திரும்பியது என்றே சொல்ல வேண்டும். ஏற்றத்தில் மிதித்தால் ஒரு விசில் கிளம்பும், முதுகைச் சீட்டோடு தள்ளும். முப்பது மூட்டையோடு ஏரிக்கரையில் மூன்றாவது கீரில் ஏறினேன். அந்தப் பழைய டிராக்டர்காரனை ஒரு நாள் தாண்டும்போது நானும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன், வயதுக்கேற்ற காரியமில்லை. வீட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிடுவேன். வாசலில் நின்று இரண்டு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, மனதுக்குள் நூற்றிருபது எண்ணிவிட்டு அணைப்பேன். மனைவியின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. வண்டிக்கு என்னவோ செய்திருக்கிறேன் என்று தெரியும், என்னவென்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வண்டி வேகமானதும் எனக்குப் பேராசை வந்தது. சீக்கிரம் போய்விடலாம் என்று தெரிந்ததால் ஆலையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். நாலே காலுக்குக் கிளம்பினவன் நாலரைக்குக் கிளம்பினேன், பிறகு நாலே முக்கால். ஐப்பசி பிறந்து பொழுதும் குறுகியது. வேகத்தில் மிச்சம் பிடித்த பத்து நிமிஷத்தை நானே தின்றுவிட்டேன். பழையபடி வாசலில் வந்து நிற்கும்போது சூரியன் பனைமர மட்டத்தில் இருக்கும். அவள் நிலைப்படியில் நின்று, இறங்குங்க பொழுது போவுது என்பாள். நூற்றிருபது எண்ண எங்கே நேரம். சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே ஓடுவேன்.

இன்ஜினை ஓடவிட்டு இறங்கிப் போயிருக்கலாமே என்று பிற்பாடு பாய் கேட்டார். முடியாது. எங்கள் வாசல் சரிவு. என் வண்டியில் ஹேண்ட் பிரேக் செத்து வருஷக்கணக்காகிறது. கீரில் போட்டு நிறுத்தினால்தான் வண்டி நிற்கும், கீரில் போட வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்தாக வேண்டும். ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். டர்போவுக்கு இரண்டு நாள் வண்டியை விட்டவன் அந்த ஒரு மணி நேரத்தை விடவில்லை. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வண்டி சொல்லிப் பார்த்தது. காலையில் எடுக்கும்போது நீலப் புகை விட்டது. விசில் கரகரத்தது. அளவுகோலை இழுத்துப் பார்த்தால் இன்ஜின் ஆயில் வாரத்துக்கு வாரம் குறைந்தது. குறைந்தால் ஊற்று என்று ஊற்றினேன். அடிக்கடி ஊற்றுவானேன் என்று கோட்டுக்கு மேலேயே ஊற்றி வைத்தேன். மூட்டைக்காரர் இரண்டு தடவை பாயிடம் காட்டிவிடலாம் என்றார். இரண்டாவது தடவை, வண்டி உன்னுடையதா என்னுடையதா என்று கேட்டேன். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அம்மனுக்குக் கூட்டம் போகிற நாள். திண்டிவனத்திலிருந்தே வேனும் பஸ்ஸும் வரிசை கட்டியிருந்தன. அமாவாசையில் நான் சீக்கிரம் கிளம்பிவிடுவது வழக்கம், அன்று ஆலையில் எடைமேடை பழுது என்று உட்காரவைத்துவிட்டார்கள். நாலே முக்காலுக்குப் புண்ணாக்கு ஏற்றி முடித்து, வீட்டுக்குப் போன் போட்டேன். கிளம்பிட்டேன் என்றேன். கூட்டமாக இருக்குமே, பார்த்து வாருங்கள் என்றாள். கால் மணி கழித்து அவள் ஊசி போட்டுக்கொள்வாள் என்பது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கிடைத்த சந்திலெல்லாம் புகுந்து ஓட்டினேன். சூரியன் நேர் எதிரே, கண்ணாடியில் அடித்தது. ஐந்து மணி தாண்டியது. இப்போது ஊசி போட்டிருப்பாள். ஏரிக்கரைக்கு முன்னால் ஐந்தரை. அங்கே பாலம் அகலப்படுத்துகிற வேலை, பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். மிச்சம் ஒரு வண்டிதான் போகலாம். எனக்கு முன்னால் ஒரு வேன், நிறைய ஆட்கள், பின் கதவைத் திறந்துவைத்து இரண்டு பெண்கள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கரை ஏற்றத்தில் நான் அழுத்தி மிதித்தேன்.

விசில் கீச்சென்று ஆயிற்று. வண்டி ஒரு துள்ளு துள்ளியது. மிதியிலிருந்து காலை எடுத்தேன், வேகம் குறையவில்லை. காலை எடுத்தும் ஏறுகிறது. வேனும் அந்தப் பெண்களும் கிட்டே வந்தார்கள். கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். வண்டி நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. கிளட்ச் மிதித்ததும் சுமை விட்டுப்போய், அது இன்னும் மேலே மேலே போய் அலறியது. நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். சாவி என் கையில் இருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது. பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை கரையையே மூடிவிட்டது. யாரோ வண்டி பற்றிக்கொண்டது என்று கத்தினார்கள்.

எனக்குப் பாய் சொன்னது எதுவும் நினைவுக்கு வரவில்லை. டாப் கீரில் போட்டுக் கிளட்சை விட்டால் திணறி நிற்கும் என்று எப்போதோ கேட்டது மட்டும் வந்தது. போட்டேன், விட்டேன். கிளட்ச் கருகி நாறியது, வண்டி பிரேக்கையும் மீறி ஒரு முழம் முன்னால் இழுத்தது. வேனில் இருந்த பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மறுபடி கிளட்சை மிதித்தேன். இறங்கி ஓட வழியில்லை. ஹேண்ட் பிரேக் இல்லை, ஏற்றம், பின்னால் ஆட்கள் நடந்து வருகிறார்கள். நான் காலை எடுத்தால் முப்பது மூட்டையோடு வண்டி அவர்கள் மேல் போகும். இடது பக்கம் ஏரித் தண்ணீர், வலது பக்கம் பாலத்துக்குத் தோண்டின பள்ளம். இரண்டு காலையும் மிதியில் ஊன்றி, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் வெடித்தால் முதலில் என் முழங்கால்தான் போகும். சத்தியமாக அப்போதும் நான் நினைத்தது அதை அல்ல. மணியைத்தான் பார்த்தேன். ஐந்து முப்பத்திரண்டு.

மூட்டைக்காரர் எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. முதலில் இரண்டு கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் போட்டிருக்கிறார். பிறகு பானட் திறந்தது. உள்ளே அவர் குனிந்திருக்கிற முதுகு மட்டும் தெரிந்தது. காற்று போகிற குழாயைப் பிடுங்கி எறிந்தார். ஒரு காலிச் சாக்கை நாலாக மடித்து அந்த வாயில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். சாக்கை உள்ளே உறிஞ்சியது. அவர் விடவில்லை. சத்தம் கரகரவென்று கீழே இறங்கி, இரண்டு தடவை உதைத்து, நின்றது.

பிறகுதான் மற்ற சத்தமெல்லாம் கேட்டது. முன்னும் பின்னும் ஹார்ன். என் வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது. அமாவாசைக் கூட்டம் மொத்தமும் எங்கள் பின்னால். ஆளாளுக்குத் திட்டினார்கள். வழக்கமாக நானும் பதிலுக்கு இரண்டு வைப்பேன், அன்று இறங்கி முன்னால் ஓடினேன். மூட்டைக்காரரின் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்திருந்தன. சூடு பட்ட கையைப் பார்த்து நான் ஏதோ கேட்க, அவர் காதில் வாங்காமல் மேற்கே பார்த்துவிட்டு, "வீட்டுல ஊசி போட்டுருப்பாங்களே நயினாரே" என்றார்.

சூரியன் அடிவானத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. வீடு ஒன்பது கிலோமீட்டர். பைக்கில் வருகிற யாரையாவது கெஞ்சினாலும் இந்த நெரிசலைத் தாண்டிப் போவதற்குள் இருட்டிவிடும். இருந்தது பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துக்குள் அவள் சாப்பிட வேண்டும். நான் இல்லாமல் சாப்பிட மாட்டாள். நிலைமையைச் சொன்னால், வாங்க, காத்திருக்கிறேன் என்பாள். பொழுது போய்விட்டால் அப்புறம் விரதம் வந்து நின்றுவிடும். போன தடவை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகம் கண்ணுக்குள் வந்தது. இந்தத் தடவை தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட என்னிடம் வண்டி இல்லை, நானும் பக்கத்தில் இல்லை.

வியாபாரத்தில் நான் பொய் சொன்னதில்லை என்று சொன்னால் அதுவே பொய். ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் ஒன்றுகூடச் சொன்னதில்லை. எங்களில் பொய் சொல்லாமை ஒரு விரதம். இருட்டில் சாப்பிடாததைப் போலவே அவள் அதையும் வைத்திருக்கிறாள். என்னிடமும் அது இருக்கிறது என்று நம்புகிறாள். இதையெல்லாம் யோசித்துக்கொண்டேதான் கரைச் சரிவில் ஏரிப் பக்கம் இறங்கினேன். ஹார்ன் சத்தம் கேட்கக்கூடாதென்று தண்ணீர் ஓரம் வரைக்கும் போனேன். போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்றாள். குரலில் பதற்றம் இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. வண்டியில் சின்னக் கோளாறு, வழியில் தெரிந்த நயினார் வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள், பொழுது போகிறதென்று விடவில்லை, இங்கேயே சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.



"என்ன போட்டாங்க?"

"இட்லி. மல்லாட்டைச் சட்னி."

"எத்தினி சாப்ட்டீங்க?"

"நாலு."

தண்ணீரில் சூரியன் நீளமாகக் கிடந்தது.

"சரி. நான் சாப்பிடறேன்."

போனை வைக்காதே என்றேன். பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிடு என்றேன். தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. பாத்திர மூடி கேட்டது. பிறகு சின்னச் சின்னச் சத்தங்கள். மேலே ரோட்டில் என்னைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் தண்ணீர் குடிப்பது கேட்டது. சாப்பிட்டாச்சு என்றாள். அப்போது சூரியனில் நகக்கண் அளவுதான் மீதி. நான் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பிழைத்தாள் என்கிற சந்தோஷம் ஒரு பக்கம், என்ன காரியம் செய்தேன் என்கிற கூச்சம் ஒரு பக்கம்.

பத்துப் பேர் சேர்ந்து வண்டியை ஓரம் தள்ளினோம். மூட்டைக்காரர் யாரிடமோ இரண்டு பன் வாங்கி வந்து ஒன்றை என் பக்கம் நீட்டினார். மேற்கே பார்த்துவிட்டு அவரே கையை இழுத்துக்கொண்டார். நான் வீட்டுக்குப் போனபோது அவள் படுத்திருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு நானும் படுத்தேன்.

மறுநாள் நான் எங்கேயும் போகவில்லை, போக வண்டியும் இல்லை. சூரியன் நன்றாக மேலே வந்த பிறகு எனக்குத் தட்டு வைத்தாள். கேப்பை தோசை. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாவதும் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நேத்து நீங்க சாப்பிடல. நாலு இட்லியோட நீங்க என்னிக்கு எழுந்திருச்சிருக்கீங்க? சொல்லும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா சாப்ட்டே?"

"இந்த வயசுல உங்களைப் பொய் சொல்ல வச்சிட்டனேன்னு இருந்துச்சு. அதுக்கு மேல உங்களை நிக்க வைக்கக் கூடாதுன்னு சாப்ட்டேன்." தட்டில் இன்னொன்றைப் போட்டுவிட்டு, "இனிமே நான் காத்துக்கினு இருக்கமாட்டேன். அஞ்சு மணிக்கு சாப்ட்டுருவேன். நீங்க அங்கயே சாப்ட்டுக்குங்க, வண்டிய மெதுவா ஓட்டிக்கினு வாங்க" என்றாள்.

அந்தக் கார்த்திகையிலிருந்து நான் தொண்டை வற்றக் கத்தியது இதற்காகத்தான். கிடைத்துவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை. தட்டிலிருந்த மிச்ச தோசையை விண்டுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்த டர்போவைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே எண்ணெய் கருகித் தார் மாதிரி அப்பியிருந்தது. ரெண்டு நிமிஷம் விட்டீங்களா என்று பாய் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வேறு ஒன்று இருக்கிறது, போடட்டுமா என்றார். வேண்டாம், பழையபடி குழாயை மாட்டிவிடுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் சரிசெய்யுங்கள் என்றேன். மூட்டைக்காரரின் கை ஆற மூன்று வாரம் ஆயிற்று. அவரிடம் அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தை என்றார். அவருக்குத் தெரியும்.

இப்போது வண்டி பழைய நடை நடக்கிறது. மாலையில் ஆலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி, அவள் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறக்குமுன் போன் போடுகிறேன். சாப்ட்டியா என்கிறேன். சாப்ட்டேன் என்கிறாள். நீங்க என்கிறாள். சாப்பிடறேன் என்கிறேன். முன்பெல்லாம் அவள் ஒன்றைச் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும், எனக்கு இரண்டாவது யோசனை வந்ததில்லை. சாப்பிட்டேன் என்று ஒருத்தரை நம்பவைத்தால் அவர் சாப்பிடுவார் என்பதை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவனே நான்தான். அவள் அதை எனக்காகத் திருப்பிச் செய்யமாட்டாள் என்று எப்படிச் சொல்வது.

இருட்டின பிறகு வீட்டுக்கு வருகிறேன். அவள் வராந்தாவில் பூத்தொடுத்துக்கொண்டோ சும்மாவோ உட்கார்ந்திருப்பாள். முகத்தைப் பார்ப்பேன், வேர்வை இருக்கிறதா என்று. பிறகு கை கழுவுகிற சாக்கில் அடுக்களைக்குப் போகிறேன். அவளுடைய தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அது ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.